கிணற்றடியும் சலவைப் பொறியும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்பத்தியை வாசிக்கும் நேயர்களை நாம் மனக்கண்ணிற் காண்பதுண்டு. தேநீர்க் கோப்பையுடன் முற்றத்துக் கதிரையில் அமர்ந்திருப்பவர் குடும்பத் தலைவர். அவர் படித்து முடிக்கும் தாளை எதிர்பார்த்துத் திண்ணையில் இருப்பவர்கள் பாடசாலைப் பிள்ளைகள். ஆயின் இப்பத்தி பெரும்பாலும் எவரை எண்ணி எழுதப்படுகின்றதோ, அந்த இல்லத்தரசி அவ்வேளையில் வீட்டிற்குள் இல்லை. அவர் கிணற்றடியில் நிற்கின்றார். வாரம் முழுவதும் சேர்ந்த உடைகள் அவர் முன்னே குவிந்து கிடக்கின்றன. பக்கத்தில் மூத்த மகள் வாளியுடன் நிற்கின்றாள். அவளும் இப்பத்தியைப் படிப்பதில்லை. தன் பாடப் புத்தகத்தையும் அன்று படிப்பதில்லை.

சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், பாலாவி வழியாகக் கற்பிட்டி வரை நீளும் எமது கரையோரத்தில், நம்பிக்கையான சலவைப் பொறி ஒன்றைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம் என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள். "வோஷிங் மெஷின் வாங்குவதற்கும் ஒரு பத்தியா?" என்று நேயர்கள் நகைக்க வேண்டா. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு நகைத்தவர்களே. அதன் பயனை அனுபவித்த பின்னரே இதனை எழுதத் துணிந்தோம்.

முதலில் வேலையின் பாரத்தை அளந்து பார்ப்போம். எட்டுப் பேர் கொண்ட எமது வீட்டில் ஒரு வாரத்து அழுக்குடைகளைத் தராசில் இட்டு நிறுத்தோம். முப்பத்திரண்டு கிலோகிராம் வந்தது. பாடசாலை வெண்சீருடைகள், சாரங்கள், சேலைகள், படுக்கை விரிப்புகள், துவாய்கள் யாவும் அதில் அடங்கும். இவற்றை ஊறவைத்து, கசக்கி, இருமுறை அலசக் குறைந்தது ஐந்நூறு லீற்றர் நீர் வேண்டும். ஒரு லீற்றர் நீரின் எடை ஒரு கிலோகிராம் என்பதைச் சிறுவரும் அறிவர். ஆகவே வாரந்தோறும் அரைத் தொன் நீரை ஒரு பெண் இறைத்துச் சுமக்கின்றாள்; அதன்பின் நீர் குடித்துப் பாரமான துணிகளைப் பிழிகின்றாள். இவ்வேலைக்கு எவரும் கூலி கொடுப்பதில்லை. இதனை வேலையென்று எண்ணுவோரும் அரியர்.

முற்காலத்தில் ஊர் உடைகளை வெளுக்கும் பாரம், பிறப்பின் பெயரால் ஒரு சாராரின் தலையிலே சுமத்தப்பட்டிருந்தது. அந்த அநீதி தளர்ந்தமை நன்றே. ஆயின் அவர்கள் இறக்கிவைத்த மூட்டையை ஆடவர் எவரும் தூக்கவில்லை. அது வீட்டுப் பெண்களின் கைக்கு வந்து சேர்ந்தது.

சுவீடன் நாட்டு மருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் என்பார் 2010 ஆம் ஆண்டில் நிகழ்த்திய சொற்பொழிவு ஒன்றில், தாம் நான்கு வயதுச் சிறுவனாய் இருந்தபோது வீட்டிற்கு முதற் சலவைப் பொறி வந்த நாளை நினைவுகூர்ந்தார். பல ஆண்டுகள் பணம் சேர்த்தே பெற்றோர் அதனை வாங்கினராம். வாழ்நாள் முழுவதும் விறகெரித்து நீர் கொதிக்கவைத்துத் துவைத்த பாட்டியார், பொறியின் முன்னே கதிரையிட்டு அமர்ந்து, அது சுழன்று ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாராம். மிச்சமான நேரத்தில் தாயார் மகனை நூல்நிலையத்திற்கு அழைத்துச் சென்றாராம். கிணற்றடியில் வாளியுடன் நிற்கும் எமது பெண் பிள்ளைகளை எண்ணும்போதெல்லாம் அந்த நூல்நிலையம் எமக்கு நினைவுக்கு வருகின்றது. க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கும் ஒரு மாணவிக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையின் நான்கு மணி நேரம் சிறிய பொருளன்று.

எமது தவறு

இனி எம் கதையைச் சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை எம்மிடம் தந்து, நல்லதொரு பொறியை வாங்கி வருமாறு பணித்தார். நாம் நகரத்துக் கடையொன்றிற்குச் சென்றோம். முன்புறத்தில் வட்டக் கண்ணாடிக் கதவும், ஒளிரும் எண்களும், வெந்நீரில் துவைக்கும் வசதியும் கொண்ட பொறி ஒன்று எம் கண்ணைக் கவர்ந்தது. விற்பனையாளர் அதன் புகழை விரித்துரைத்தார். எங்கள் வீட்டு நீர் எத்தகையது என்று அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. துவைப்பவரின் கருத்தையும் நாம் கேட்கவில்லை.

முதலாண்டு பொறி நன்றாக இயங்கிற்று. இரண்டாம் ஆண்டில் நீர் நிரம்பப் பிந்தியது. எண்களுக்குப் பதிலாகப் புரியாத குறிகள் தோன்றலாயின. மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள், பிழியும் நேரத்தில் பேரோசை எழுந்து பொறி நின்றுவிட்டது. திருத்துநர் வந்து கழற்றினார். உள்ளே துணி சுழலும் உருளையைப் பின்புறமிருந்து தாங்கும் மூன்று கைகள் கொண்ட உலோகத் துண்டொன்று அரிக்கப்பட்டு முறிந்திருந்தது. வெண்மையான பொடி கையில் உதிர்ந்தது.

"இது அலுமினியம், ஐயா. உப்புத் தண்ணீர் தின்றுவிட்டது. துண்டு வருவிக்கலாம்; ஆனால் பொறியின் அரைவாசி விலை வரும்" என்றார் அவர்.

உத்தரவாதப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். நீரின் தன்மையால் விளையும் அரிப்பு அதில் அடங்காது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. எம் தாயார் எம்மைக் கடியவில்லை. "மகன், இதை வாங்க முதல் எங்கட கிணத்துத் தண்ணிய ஒரு வாய் குடிச்சுப் பார்த்திருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குச் சென்றார். அவ்வார்த்தையே இக்கட்டுரைக்கு வித்து.

நீரை அறிதல்

புத்தளத்தின் நிலத்தடியிலே சுண்ணக்கல் பரந்து கிடக்கின்றது. புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்கு வேண்டிய கல் அறுவைக்காட்டில் அகழப்படுவதை யாவரும் அறிவர். இக்கல்லினூடே ஊறிவரும் நீர் கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகின்றது. இதனையே விஞ்ஞான நூல்கள் வன்னீர் என்னும். கற்பிட்டித் தீபகற்பத்தின் நிலை வேறு. அங்கே மணலுக்குள் மழைநீர் ஒரு வில்லை போலத் தங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கின்றது. பம்பியால் மிகுதியாக இறைக்க இறைக்க அவ்வில்லை மெலிந்து, கீழிருக்கும் உவர் மேலெழுகின்றது. ஆகவே எமது கரையில் ஓர் ஊர் நீர் வன்மையுடையது, ஓர் ஊர் நீர் சவர். இரண்டும் கூடிய கிணறுகளும் உள.

மாணவ நேயர்கள் ஒரு சிறு சோதனையைச் செய்து பார்க்கலாம். இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் ஒன்றில் மழைநீரையும், மற்றதிற் கிணற்று நீரையும் அரைவாசிக்கு நிரப்புக. சாதாரண சவர்க்காரத்தைச் சீவி இரண்டிலும் ஒரே அளவு இட்டு, மூடிக் குலுக்குக. மழைநீரில் நுரை திரண்டு நிற்கும். வன்னீரில் நுரை குன்றி, திரைந்த பால் போன்ற கசடு மிதக்கும். வெண்சீருடைகள் சாம்பல் நிறமடைவதற்கு அக்கசடே பெரிதும் காரணம். துவைப்பவரின் கைச்சோம்பல் என்று அதனைக் குறைகூறுவோர் இச்சோதனையைக் கட்டாயம் செய்து பார்த்தல் வேண்டும்.

வன்னீரைச் சூடாக்கினால் அதிலுள்ள சுண்ணம் படிவாக உறையும். தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெண்மையாய்ப் படிவது அதுவே. பொறிக்குள் நீரைச் சூடாக்கும் கம்பியின்மேல் அவ்வாறே படிந்தால், சூடு நீருக்குச் செல்லாமல் கம்பியிலேயே தங்கி அதனை எரித்துவிடும். சவர்நீரின் தீங்கு வேறு வகையினது. அலுமினியமும் துருப்பிடியா உருக்கும் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் நனைந்திருந்தால், அவ்விடத்தில் ஒரு மின்கலம் உருவாகி அலுமினியம் கரையத் தொடங்கும். இது வகுப்பறையில் நாம் கற்ற பாடமேயாம். அப்பாடம் எமது வீட்டுப் பொறிக்குள் நடந்ததை நாம் அறியாதிருந்தோம்.

ஆதலின் கடைக்குச் செல்லுமுன் நீரைச் சோதித்தறிதல் முதற் கடமை. மேற்கூறிய போத்தற் சோதனையும் நாவின் சுவையுமே பெரும்பாலும் போதும். ஐயமுள்ளோர் ஆய்வுகூடத்தில் நீரைக் கொடுத்து வன்மையையும் குளோரைட்டின் அளவையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளலாம்.

நீர்த்தாங்கியின் உயரம்

தானாக நீரை நிரப்பிக்கொள்ளும் பொறிகளுக்கு நீர் குறிப்பிட்ட அமுக்கத்துடன் வருதல் வேண்டும். முன்வாய்ப் பொறிகள் பலவற்றின் கைந்நூல்கள் 50 கிலோபஸ்கால் அளவைக் கேட்கின்றன. சில அதற்குக் குறைவாகவும் சில கூடுதலாகவும் கேட்பதுண்டு. நீர்மட்டம் ஒரு மீற்றர் உயர்ந்தால் ஏறத்தாழ 10 கிலோபஸ்கால் அமுக்கம் கிடைக்கும். அப்படியாயின் தாங்கியின் நீர்மட்டம் பொறியின் வாயிலிருந்து ஐந்து மீற்றர் மேலே இருக்க வேண்டும். எமது ஊர்களிலே தாங்கிகள் பெரும்பாலும் மூன்று மீற்றர்ச் சீமெந்துத் தூண்களில் நிற்கின்றன. பொறியின் நீர்வாய் தரையிலிருந்து ஒரு மீற்றர் மேலே உளது. மிஞ்சுவது இரண்டு மூன்று மீற்றரே. நீர் சொட்டுச் சொட்டாய் வர, பொறி காத்திருந்து சலித்துக் குறி காட்டி நின்றுவிடும். அதைப் பொறியின் பழுதென்று எண்ணித் திருத்துநருக்குப் பணம் கொடுத்தோர் பலர். வாங்குமுன்னர் அளவுநாடா ஒன்றை எடுத்து இந்த உயரத்தை அளந்து எழுதிக்கொள்க.

மின்சாரத்தின் போக்கு

இலங்கையின் மிகப் பெரிய மின்நிலையம் எமது மாவட்டத்திலேயே, நுரைச்சோலையில் நிற்கின்றது. மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 900 மெகாவாற்று வலுவுடையன. ஆயினும் 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டை அதன் அயலில் வாழ்பவர்களும் அனுபவித்தனர். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, சலவை நாளாகிய ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. இடைநடுவில் மின்சாரம் நின்றாலும் துணியை எடுத்துக் கையால் அலசி முடிக்கக்கூடிய பொறி எது, கதவைப் பூட்டிக்கொண்டு நீருடன் நிற்கும் பொறி எது என்று கேட்டறிவது அறிவுடைமை.

நீரைச் சூடாக்கும் பொறி ஏறத்தாழ 2,000 வாற்று மின்சாரத்தை இழுக்கும். 230 வோல்ற்றில் அது ஒன்பது அம்பியருக்கு அண்மித்த மின்னோட்டமாகும். பழைய வீடுகளிலுள்ள 5 அம்பியர் வட்டத் துளைச் செருகியில் அதனை இணைத்தல் தீயை விலைக்கு வாங்குவதற்கு ஒப்பாகும். 13 அம்பியர் செருகி, முறையான புவித்தொடுப்பு, கசிவைக் கண்டதும் தானே அறுக்கும் ட்ரிப் சுவிட்ச் ஆகிய மூன்றும் இல்லாத வீட்டில் எப்பொறியையும் வைத்தல் தகாது. ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்பவரின் உயிர் அம்மூன்றையும் நம்பியே உள்ளது. பொறிக்கெனச் சேர்த்த பணத்தில் முதற் பங்கை மின்னிணைப்புத் தொழிலாளருக்கு ஒதுக்குக என்பது எமது வேண்டுகோள்.

காற்றும் மணலும்

கச்சான் காற்றுக் காலத்தில் கற்பிட்டிக் கரையில் நின்றவர் உதட்டை நக்கினால் உப்புச் சுவைக்கும். அதே உப்பு, வெளி விறாந்தையில் வைத்த பொறியின் தகட்டிலும் படிகின்றது. பூசிய தகடு ஓரிடத்திற் கீறுண்டால் அங்கிருந்து துரு பரவும். ஆகையால் கடலோர வீட்டிற்குப் பிளாத்திக்கு உடல் கொண்ட பொறி பெரிதும் ஏற்றது. தகட்டுடல் கொண்டதை வாங்கினால், காற்றுப் படாத உள்ளறையில் வைத்து, வாரம் ஒருமுறை நன்னீரில் நனைத்த துணியால் துடைத்துப் பின்னர் உலர்த்துதல் வேண்டும். அடிப்புறம் திறந்திருக்கும் பொறிகளுள் எலி புகுந்து கம்பிகளைக் கடிப்பதும் எமது ஊர்களில் உண்டு. அடியை மூடும் தகடு இருக்கின்றதா என்று குனிந்து பார்க்க வெட்க வேண்டா.

கடற்றொழிலுக்குச் சென்று வந்த சாரத்தையும், வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்த காற்சட்டையையும் நேரே பொறிக்குள் இடுதல் ஆகாது. உப்பும் மணலும் முதலில் வாளியிலேயே கழியட்டும். மணல் நீரை வெளியேற்றும் பம்பியை அடைக்கும்; உருளையையும் துணியையும் ஒருங்கே தேய்க்கும்.

மூவகைப் பொறிகள்

கடைகளிலே மூவகைப் பொறிகளைக் காண்கின்றோம். முதலாவது இரட்டைத் தொட்டிப் பொறி. ஒரு தொட்டியில் துவைத்து, கையால் எடுத்து, மற்றதில் இட்டுப் பிழிதல் வேண்டும். இரண்டாவது மேல்வாய்த் தானியங்கி. மூன்றாவது முன்வாய்த் தானியங்கி. 1937 இல் அமெரிக்காவிலே பெண்டிக்ஸ் நிறுவனத்தார் வீட்டுப் பாவனைக்கு வெளியிட்ட தானியங்கிப் பொறியும் இவ்வகையினதே.

முன்வாய்ப் பொறி நீரைக் குறைவாகவே பருகும். ஒரு முறைக்கு ஏறத்தாழ அறுபது லீற்றர் போதும். துணிக்கும் மென்மையானது. ஆயின் அமுக்கத்தைக் கேட்கும், நல்ல நீரைக் கேட்கும், நுரை குறைந்த தனித் தூளைக் கேட்கும்; பழுதுற்றால் செலவும் மிகும். சிலாபம், புத்தளம் போன்ற நகரங்களிலே குழாய் நீர் தடையின்றி வரும் வீட்டாருக்கு இது தகும்.

மேல்வாய்த் தானியங்கி ஒரு முறைக்கு நூறு முதல் நூற்றைம்பது லீற்றர் வரை நீர் கொள்ளும். நீரைச் சூடாக்கும் கம்பி பெரும்பாலானவற்றில் இல்லை. எமது வெயில் நாட்டில் அது குறையன்று. இடையில் மூடியைத் திறந்து மறந்துபோன சட்டையைப் போடலாம். கணவன் மனைவி இருவரும் தொழிலுக்குச் செல்ல, பொறியின் அருகில் நிற்க ஆளில்லாத வீட்டிற்கு, நீரும் ஓரளவு நன்றாயின், இதுவே பொருத்தமானது.

இரட்டைத் தொட்டிப் பொறியை ஏழைகளின் பொறி என்று இகழ்வாருளர். எம் கருத்து வேறு. அதற்கு அமுக்கம் வேண்டா. வாளியாலும் நீர் ஊற்றலாம். தொட்டி பிளாத்திக்கினால் ஆனது. அதன் அமைப்பு எளிது, ஆளிகளும் கைமுறையானவை. வெண்ணுடை துவைத்த அதே நீரில் நிற உடைகளையும், இறுதியில் சமையலறைத் துணிகளையும் துவைக்கலாம். நீர் அரிதாகும் கோடையில் இஃது எத்துணை பெரிய வசதி என்பதைக் கரையோரத்தார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அதன் குறையையும் மறைத்தல் ஆகாது. ஈரத்துணியைக் கையால் மாற்ற ஆள் வேண்டும். முதுகு நோவுடையார்க்கு அது துன்பமே. உள்ளே பிழிதொட்டி சுழன்றுகொண்டிருக்கும்போது சிறுவர் கைவிடாதபடி காத்தலும் வேண்டும்.

நிமிடத்திற்கு 1,400 முறை சுழன்று பிழியும் என்று பெருமையாய் எழுதியிருப்பதைக் கண்டு அதிக விலை கொடுக்க வேண்டா. குளிர்நாட்டாருக்கு அது தேவை. எமது வெயிலும் காற்றும் ஆண்டின் பெரும்பகுதியில் இரண்டு மணி நேரத்தில் சேலையை உலர்த்திவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களுக்கு விறாந்தையில் ஒரு கொடி கட்டினால் போதும்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். 8 கிலோகிராம் என்று எழுதிய பொறியில் முக்காற் பங்கே, அதாவது ஆறு கிலோகிராம் உலர்ந்த துணியே இடுதல் நன்று. எமது முப்பத்திரண்டு கிலோவுக்கு வாரம் ஐந்தாறு முறை இயக்க நேரிடும். மேல்வாய்ப் பொறியாயின் வாரத்திற்கு எழுநூறு எண்ணூறு லீற்றர் நீர் செல்லும். முன்வாய்ப் பொறியாயின் அதில் பாதி. உங்கள் கிணறு கோடையில் இதனைத் தாங்குமா என்று இப்போதே கணக்கிடுக.

கடையிற் கேட்க வேண்டியவை

சிங்கர் தையல் இயந்திரம் 1877 முதல் இந்நாட்டில் விற்கப்பட்டு வருகின்றது. பாட்டியின் இயந்திரத்தில் பேத்தி தைக்கும் வீடுகள் இன்றும் உள. அதன் உறுதி மட்டுமா காரணம்? ஊசியும் பட்டியும் ஒவ்வொரு பட்டினத்திலும் கிடைத்தன. அதனைத் திருத்தத் தெரிந்தவரும் அருகில் இருந்தார். நம்பகம் என்பது இரும்பில் மட்டும் இருப்பதன்று என்று இதிலிருந்து அறிகின்றோம். ஆகவே கடையில் நின்று தயங்காது கேளுங்கள்: இப்பொறியைத் திருத்துபவர் புத்தளத்தில் அல்லது சிலாபத்தில் இருக்கின்றாரா, அல்லது கொழும்பிலிருந்து வர வேண்டுமா? அழைத்தால் எத்தனை நாளில் வருவார்? பட்டி, பம்பி, நீர்வாய் அடைப்பான் இவற்றின் விலை யாது? உத்தரவாதம் பொறி முழுவதற்குமா, மோட்டருக்கு மட்டுமா? பத்து ஆண்டு என்று பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் மோட்டருக்கே. மற்ற உறுப்புகளுக்குரிய காலம் சிறிய எழுத்தில் இருக்கும். கிணற்று நீரால் விளையும் பழுது அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

தவணையில் வாங்குவோர் ஒரு பெருக்கற் கணக்கைச் செய்தே கையொப்பமிடல் வேண்டும். கைக்காசு விலை ஓர் இலட்சம் ரூபா என்றும், தவணை மாதம் 5,500 ரூபா வீதம் இருபத்து நான்கு மாதம் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,32,000 ரூபா. முப்பத்தீராயிரம் ரூபாவைக் கூடுதலாகக் கொடுப்பதைவிட, ஒரு சீட்டு முடியும்வரை பொறுத்திருப்பது நலமா என்று குடும்பமாக இருந்து தீர்மானியுங்கள். பற்றுச்சீட்டையும் உத்தரவாதப் பத்திரத்தையும் பத்திரப்படுத்துங்கள். வாக்களித்தபடி கடையார் நடவாவிடில், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிட வழி உண்டு. அதன் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டிற்கு முதற் சாட்சி அப்பற்றுச்சீட்டே.

பேணும் முறை

வன்னீருள்ள வீட்டில் சலவைத் தூளை இடுமுன் சிறிதளவு சலவைச் சோடாவைக் கரைத்தால் நீர் மென்மையடையும். பிளாத்திக்குத் தொட்டிக்கு இது நன்று. அலுமினிய உறுப்புள்ள முன்வாய்ப் பொறியில் மிகுதியாக இட்டால் அதுவே அரிக்கும். அங்கே வன்னீருக்கென ஆக்கிய தூளையே பயன்படுத்துக. இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை, கைந்நூல் அனுமதிக்கும் பொறியில், துணியின்றிச் சித்திரிக் அமிலத்தை நீரிற் கரைத்து ஓடவிட்டால் சுண்ணப்படிவு கரையும். அதனுடன் வெளுக்கும் குளோரினை ஒருபோதும் சேர்த்தல் ஆகாது, நச்சுவாயு எழும். மாரிகாலத்தில் கூரைநீரைத் தாங்கியிற் பிடித்துத் துவைத்தால் தூளும் மிச்சம், பொறியும் நீடிக்கும். நீர்வாயிலுள்ள வலையை மாதம் ஒருமுறை கழுவுக. வேலை முடிந்ததும் மூடியைத் திறந்து உலரவிடுக.

இன்னொன்றும் உண்டு. பொறி வந்ததும் அதன் கழிவுநீர்க் குழாயைக் கிணற்றடியிலேயே விட்டுவிடுகின்றோம். கற்பிட்டி மணலில் நீர் நொடியில் உறிஞ்சப்பட்டு நன்னீர் வில்லையையே சென்றடையும். தோட்டத்துப் பசளையால் நைத்திரேற்று ஏறிய கிணறுகள் அங்கே முன்னரே உள. சவர்க்கார நீரையும் அதில் சேர்த்தால் நாளை குடிப்பது யாது? குழாயைக் கிணற்றிலிருந்து இயன்ற அளவு தூரத்திற்குக் கொண்டுசென்று தென்னையடியில் விடுக.

எம் வீட்டில் முடிவு யாதாயிற்று என நேயர்கள் கேட்கலாம். இரண்டாம் முறை எம் தாயாரும் தங்கையும் கடைக்கு வந்தனர். கேள்விகளை அவர்களே கேட்டனர். நாம் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு பின்னே நின்றோம். அவர்கள் தெரிந்தெடுத்தது ஓர் இரட்டைத் தொட்டிப் பொறி. முன்னையதின் அரைவாசி விலைகூட ஆகவில்லை. இஃது ஆறாவது ஆண்டு. இடையில் ஒருமுறை பட்டி அறுந்தது. புத்தளத்திலிருந்து திருத்துநர் அன்று மாலையே வந்து மாற்றிச் சென்றார்.

துணியை ஒரு தொட்டியிலிருந்து மற்றதற்கு மாற்றும் வேலை இப்போது எமக்கும் எம் தமையனாரின் மகனுக்கும் உரியது. அவ்வாறு ஒழுங்கு செய்தவர் தாயார். பொறி துவைக்கும்; ஆயின் கொடியில் விரிப்பதும் மடிப்பதும் அதனால் ஆகாது. மிச்சமான நேரத்தை வேறொரு வீட்டுவேலை விழுங்கிவிடாமல் காப்பதும் அதனால் ஆகாது. இவற்றைக் குடும்பத்தாரே செய்தல் வேண்டும்.

இன்று காலையும் பொறி ஓடிக்கொண்டிருக்கின்றது. எம் தாயார் திண்ணையில் அமர்ந்து சென்ற வாரத்துப் பத்தியை வாசித்துவிட்டு, அதில் இரு பிழைகள் உள்ளனவெனச் சுட்டினார். அவற்றை வரும் வாரம் திருத்திக்கொள்வோம். இவ்வாரப் பத்தியை உங்கள் வீட்டில் முதலில் கிணற்றடியில் நிற்பவரிடம் கொடுங்கள். வாளியை அதுவரை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம்.